இருபது ரூபாய்க் கொடியும் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களும்

பள்ளத்தூரிலிருந்து ஒரு தாய் கேட்ட கேள்வி இது: "மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். டிசம்பர் 7ஆம் தேதி பள்ளியில் ஒரு சின்னக் கொடியைக் கொடுத்து இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். எதற்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. டீச்சரைக் கேட்டால் 'ராணுவத்துக்கு' என்றார். ஜூலை 26, ஜனவரி 30 என்று வேறு நாட்களும் வருகின்றன. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் நவம்பர் 11 என்கிறார்கள். இந்தப் போர் நினைவு நாட்களுக்கு என்ன அர்த்தம் என்று நம் மக்களில் யாருக்காவது தெரியுமா? போரே பார்க்காத செட்டிநாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?"

முதல் பாதிக்குப் பதில் சுலபம். பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. இருபத்தெட்டு வருஷம் வரலாறு நடத்தியவன் நான். கொடி நாள் அன்று அந்தக் கொடியை வகுப்பு வகுப்பாக எடுத்துப் போய் விற்றிருக்கிறேன். எனக்கே அதன் கதை வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதனால் உங்கள் டீச்சர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

இரண்டாம் பாதியில் "போரே பார்க்காத செட்டிநாடு" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கொடி கையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தாள். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று மூன்று நிறம். சிவப்பு தரைப்படைக்கு, கருநீலம் கடற்படைக்கு, வெளிர்நீலம் விமானப்படைக்கு. 1949 ஆகஸ்ட் 28 அன்று பாதுகாப்பு அமைச்சகத்தின் குழு ஒன்று கூடி, ஆண்டுதோறும் டிசம்பர் 7ஐப் படைவீரர் கொடி நாளாகக் கடைப்பிடிப்பது என்று முடிவெடுத்தது. தேசப் பிரிவினையும் காஷ்மீர்ப் போரும் அப்போதுதான் முடிந்திருந்தன. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்கள் வேறு. கால் போனவர்கள், கண் போனவர்கள், வீட்டுக்காரரை இழந்த பெண்கள் என்று ஊரெல்லாம் இருந்தார்கள். அரசாங்கத்திடம் பணம் இல்லை. ஜனங்களிடமே கேட்போம் என்று ஆரம்பித்ததுதான் இது.

ஆக "ராணுவத்துக்கு" என்றால் பாதிதான் சரி. இந்தக் காசில் துப்பாக்கி வாங்குவதில்லை, டாங்கி வாங்குவதில்லை. போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்கும், ஊனமடைந்தவர்களுக்கும், முன்னாள் படைவீரர்களுக்கும், அவர்கள் பிள்ளைகளின் படிப்புக்கும் போகிறது. நம் மாவட்டத்துக்குச் சிவகங்கையில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. யாருக்கு என்ன உதவி கிடைக்கிறது என்று அங்கே போய்க் கேட்கலாம். வகுப்பில் இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் நடப்பது என்ன? எத்தனை கொடி வந்தது, எவ்வளவு வசூல், மீதி எவ்வளவு என்ற கணக்குதான். நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு வருஷம் பின்வரிசைப் பையன் ஒருவன், "சார், இந்தக் காசுல எத்தனை குண்டு வாங்கலாம்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. பதில் தெரியாமல் நானும் சிரித்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனேன். அன்று சாயந்திரம்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

மற்ற நாட்களில் குழப்பம் இன்னும் அதிகம். ஒன்று வெற்றியைக் கொண்டாடும் நாள், ஒன்று துக்க நாள், ஒன்று பணம் திரட்டும் நாள், ஒன்று ஒரு படை பிறந்த நாள். எல்லாவற்றையும் ஒரே 'வீரவணக்க' வாழ்த்து அட்டையில் போட்டு அனுப்பிவிடுகிறோம். ஜனவரி 30 காந்தி சுடப்பட்ட நாள், தியாகிகள் தினம். அன்று காலை 11 மணிக்கு இரண்டு நிமிஷம் மௌனம். தமிழ்நாட்டில் அதே நாளில் தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழியும் எடுக்கிறோம். அது போர் நினைவு நாளே இல்லை என்றாலும், நாட்டுக்காக உயிர்விட்ட எல்லாருக்கும் அந்த மௌனம் சேரும். டிசம்பர் 16, 1971 போரில் பாகிஸ்தான் தரப்பில் 93,000 பேர் சரணடைந்த நாள். ஜூலை 26, கார்கில். அக்டோபர் 21 காவலர் நினைவு நாள். அது 1959இல் லடாக்கில் சீனப் படையால் கொல்லப்பட்ட பத்துப் போலீஸ்காரர்களுக்காக வந்தது. அக்டோபர் 21இல் ஊர் ஸ்டேஷனில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் "யாரோ மந்திரி வருகிறாரோ" என்று எட்டிப் பார்ப்பவர்கள்தான் நாம்.

இதில் தமிழ்நாட்டுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. முன்னாள் படைவீரர் தினம் ஜனவரி 14. ராணுவ தினம் ஜனவரி 15. 1949இல் அந்தத் தேதியில்தான் கரியப்பா ஆங்கிலேயத் தளபதியிடமிருந்து ராணுவப் பொறுப்பை ஏற்றார். நமக்கு அந்த இரண்டு நாளும் என்ன? வருஷத்தைப் பொறுத்து போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல். பள்ளிக்கூடம் கிடையாது, ஆபீஸ் கிடையாது, வீட்டில் பானை பொங்குகிறது. அன்றைக்குப் போய் யாரிடம் கரியப்பாவைப் பற்றிப் பேசுவது? ராணுவ தின அணிவகுப்பு நடக்கிற நேரத்தில் இங்கே மஞ்சுவிரட்டு நடக்கிறது. யார் மேலும் குற்றமில்லை, காலண்டர் அப்படி விழுந்துவிட்டது.

மக்களுக்குத் தெரியவில்லை என்று குறைப்படும்போது இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும். நாடே இந்த விஷயத்தில் தாமதம்தான். டெல்லி இந்தியா கேட் முதல் உலகப் போரிலும் அதை ஒட்டிய சண்டைகளிலும் பிரிட்டிஷ் அரசுக்காக இறந்த இந்தியச் சிப்பாய்களுக்காக 1931இல் திறக்கப்பட்டது. 1971 போருக்குப் பின் அதன் கீழே ஒரு சுடரை ஏற்றினோம். சுதந்திர இந்தியாவுக்காக இறந்தவர்களின் பெயரைப் பொறித்த தேசியப் போர் நினைவகம் 2019 பிப்ரவரியில்தான் வந்தது. அதில் 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள். சுதந்திரம் கிடைத்து எழுபத்தோரு வருஷம் கழித்து!

நவம்பர் 11க்கு வருவோம். 1918இல் அந்த நாள் காலை 11 மணிக்கு ஐரோப்பாவின் மேற்குப் போர்முனையில் துப்பாக்கிகள் நின்றன. அடுத்த வருஷத்திலிருந்து பிரிட்டனிலும் அதன் ஆட்சியில் இருந்த நாடுகளிலும் அந்த மணிக்கு இரண்டு நிமிஷ மௌனம் வழக்கமானது. அமெரிக்காவில் அந்த நாள் 1954இல், படையில் பணியாற்றிய எல்லாருக்குமான நாளாகப் பெயர் மாறியது. அங்கே இறந்தவர்களுக்கென்று தனி நாள் மே மாதம் கடைசித் திங்கட்கிழமை. ஒன்று உயிரோடு இருப்பவர்களையும் சேர்த்து நன்றி சொல்லும் நாள், மற்றது சமாதிக்குப் பூ வைக்கும் நாள். அங்கேயும் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். மே மாத நாள் என்றால் நீண்ட வார இறுதி, கோடை ஆரம்பம், மெத்தைக் கடையில் தள்ளுபடி. நியூஜெர்சியில் இருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் 'ஹேப்பி மெமோரியல் டே' என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். அப்பத்தா அதற்குக் கைகூப்பும் படம் போடுகிறார். திவச நாளுக்கு 'இனிய' போட்ட மாதிரி என்று சொன்னால் "உங்களுக்கு எல்லாத்திலயும் குத்தம்" என்கிறார்கள்.

முதல் உலகப் போரில் கடல் தாண்டிப் போன இந்தியர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். திரும்பாதவர்கள் சுமார் 74,000. வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் இருக்கிறது: இந்த ஊரிலிருந்து 277 பேர் போருக்குப் போனார்கள், அதில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று. கீழே தினமும் வியாபாரம் நடக்கிறது. அண்ணாந்து பார்ப்பவர் குறைவு. அந்தப் போரில் தமிழ்நாட்டில் நிலைத்து நின்றது ஒரே ஒரு சொல்தான். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைக் கடற்கரைக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போனது. "அவன் ஒரு எம்டன்" என்று இன்றைக்கும் சொல்கிறோம். எதிரிக் கப்பலின் பெயர் தாத்தாவிடமிருந்து பேரன் வரைக்கும் வந்துவிட்டது. அந்த 14 பேரின் பெயர் வரவில்லை. இதைக் கவனித்த பிறகுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. தேதியை எத்தனை தடவை சொன்னாலும் ஒட்டாது. ஒரு ஆள், ஒரு இடம், ஒரு பெயர் கிடைத்தால் தானாக ஒட்டிக்கொள்ளும்.

வகுப்பில் இதை நான் சோதித்தும் பார்த்தேன். ஜூலை 26 அன்று வகுப்பில், கார்கில் போரில் 527 பேர் இறந்தார்கள் என்று சொன்னால் பிள்ளைகள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். திருச்சியில் வளர்ந்த மேஜர் சரவணன், பீகார் ரெஜிமெண்ட், 1999 மே 29 அன்று படாலிக் மலையில் இறந்தார் என்று சொன்னால் ஒருவன் எழுந்து, "திருச்சியா சார்? எங்க மாமா ஊரு" என்பான். அப்புறம் அரை மணி நேரம் கேள்விதான்.

இனி செட்டிநாட்டுக்கு.

காரைக்குடியிலிருந்து முக்கால் மணி நேரத்தில் திருப்பத்தூர். 1801 அக்டோபர் 24 அன்று பெரிய மருதுவும் சின்ன மருதுவும் தூக்கிலிடப்பட்டது அங்கேதான். தலைகளைக் கொண்டுபோய் அடக்கம் செய்தது காளையார்கோவிலில், கோபுரத்துக்கு எதிரே, என்பது வழக்கு. அதனால் திருப்பத்தூரில் 24ஆம் தேதியும் காளையார்கோவிலில் 27ஆம் தேதியும் குருபூஜை. அதே காளையார்கோவிலில்தான் 1772இல் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதத் தேவர் கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனி) படையிடம் இறந்தார். வேலு நாச்சியார் விதவையாகி விருப்பாச்சிக்குப் போனது அதற்குப் பிறகு. 'போர் பார்க்காத' சீமை இதுதான்!

இந்த நாட்கள் எல்லாருக்கும் தெரியும். எப்படித் தெரியும் என்றால், டாஸ்மாக் மூடும் நாள், பஸ் சுற்றிப் போகும் நாள், வழியெல்லாம் போலீஸ் நிற்கும் நாள் என்று தெரியும். இவர்கள் எங்களவர் என்று கொண்டாடும் கூட்டம் ஒரு பக்கம், இன்றைக்கு வெளியே போகாதே என்று கதவைச் சாத்தும் கூட்டம் ஒரு பக்கம். 1801 ஜூனில் திருச்சிக் கோட்டைச் சுவரில் ஒட்டிய அறிக்கையில் மருது கூப்பிட்டது எல்லாச் சாதியையும். சரி, அதைப் பேசினால் இந்தப் பதில் வேறு பக்கம் போய்விடும்.

பிள்ளைகளிடம் நான் சொல்லுவது சின்ன மருதுவின் மகன் துரைசாமியின் கதை. தூக்குக்குத் தப்பிய பையன். அவனையும் சேர்த்து 73 பேரை 1802இல் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். கப்பலேறும் வரை தூத்துக்குடியில் அவர்களைக் காவலில் வைத்திருந்த கும்பினி அதிகாரி வெல்ஷ். சண்டைக்கு முந்தைய நல்ல காலத்தில் சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டவர் இந்த வெல்ஷ்தான். பதினாறு வருஷம் கழித்து, 1818இல், உடம்பு தேற்றிக்கொள்ள அவர் பினாங்குக்குப் போயிருந்தபோது ஒரு மனிதர் பார்க்க வந்தார். வயதுக்கு மீறித் தளர்ந்த முகம். யார் என்று வெல்ஷுக்குப் பிடிபடவில்லை. துரைசாமி என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. இதை வெல்ஷே எழுதி வைத்திருக்கிறார். அடுத்த சில பத்தாண்டுகளில் நம் நகரத்தார், அதாவது செட்டியார்கள், வட்டிக்கடை வைக்க அதே பினாங்குக்குக் கப்பலேறினார்கள். சிவகங்கைச் சீமையிலிருந்து ஒருவர் விலங்கோடு போன ஊருக்கு இன்னொருவர் பெட்டியோடு போனார்.

உங்கள் பள்ளத்தூரில் சாத்திக் கிடக்கும் பெரிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். முகப்பில் பர்மாத் தேக்குத் தூண், வளவில் புல் முளைத்திருக்கும். சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு "இவ்வளவு பெரிய வீட்டை ஏன் விட்டுவிட்டுப் போனார்கள்?" என்று கேட்கிறார்கள். பங்குப் பிரச்சினை, சென்னைக்குக் குடிபெயர்ந்தது என்று காரணம் பல. அதில் பெரிய காரணம் ஒரு போர். 1930களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார் பேரில் இருந்தது. ஆசைப்பட்டு வாங்கிய நிலம் அல்ல, பெரும்பாலும் 1930இல் நெல் விலை விழுந்தபோது கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்தது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் ரங்கூனே விழுந்தது. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் போயிருந்தது. இரண்டு மூன்று மாதத்தில், செட்டிநாடு கொண்டுவிக்க (கடல் கடந்து தொழில் செய்ய) போன ஊரெல்லாம் எதிரி கையில்.

லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே வந்தார்கள். சிலர் தவுங்குப் கணவாய் வழியாக அக்யாப், அங்கிருந்து சிட்டகாங். மற்றவர்கள் மாண்டலேயிலிருந்து கலேவா, தமு, அப்புறம் மலை ஏறி இம்பால், கடைசியில் திமாப்பூர் ரயிலடி. வெள்ளைக்காரருக்கு ஒரு பாதை, நம்மவருக்கு இன்னொரு பாதை என்று பிரித்துவிட்டதாக அப்போதே பெரிய புகார் எழுந்தது. வழியில் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தவர்கள் பல ஆயிரம். அவர்கள் சிப்பாய்கள் அல்ல. அதனால் எந்த நினைவகத்திலும் பெயர் கிடையாது, அவர்களுக்கென்று ஒரு நாளும் கிடையாது. மலேயாவிலிருந்து சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போட இழுத்துப்போகப்பட்டுச் செத்த தோட்டத் தமிழர்கள் கதையும் ஏறக்குறைய இதேதான். ரங்கூனுக்குப் பக்கத்தில் தவுக்கியான் போர்க் கல்லறையில், சமாதி தெரியாத வீரர்கள் 27,000 பேரின் பெயர் தூண்களில் செதுக்கப்பட்டிருக்கிறது. அதில் இந்தியப் பெயர்கள் ஏராளம். நடந்து வந்தவர்களுக்கு அப்படி ஒரு தூண் இல்லை.

அதே 1942இல் ஆகஸ்ட் மாதம் தேவகோட்டையில் நீதிமன்றம் எரிந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, திருவாடானைச் சிறையை ஜனங்கள் உடைத்தார்கள். தேவகோட்டைக்குப் பஸ்ஸில் போனால் தியாகிகள் பூங்காவைத் தாண்டித்தான் போவீர்கள். எந்தத் தியாகிகள் என்று பஸ்ஸில் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். கானாடுகாத்தான் பக்கம் பழைய விமான ஓடுதளம் ஒன்று கிடக்கிறதே, அதுவும் அந்தப் போருக்காகப் போட்டதுதான். 'ஏர்போர்ட் வரப்போகிறது' என்று செய்தி வரும்போது மட்டும் அதைப் பற்றிப் பேசுகிறோம்.

உங்கள் மகளுக்குப் போர் நம் வீட்டுக்குள் வந்ததைக் காட்ட வேண்டுமென்றால், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு ஒரு நாள் கூட்டிப்போங்கள். எனாமல் தூக்குக்கும் ரவிவர்மா படத்துக்கும் நடுவே, ஜப்பான்காரன் மலேயாவில் அடித்த நோட்டு சில சமயம் கிடைக்கும். பத்து டாலர் நோட்டில் குலை தள்ளிய வாழை மரம். வரிசை எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எழுத்து, மலேயாவுக்கு எம் என்று ஆரம்பிக்கும். பர்மாவுக்கு அடித்தது ரூபாய், அதில் பி. நோட்டைக் கையில் எடுத்தால் தாள் நல்ல தாளாகத்தான் இருக்கும். 1945இல் ஜப்பான் தோற்ற அன்றைக்கு அது வெறும் தாளாகிவிட்டது. அதை ஒருவர் பெட்டியின் அடியில் மடித்து வைத்து, ஊர் வரைக்கும் கொண்டுவந்து, திரும்பச் செல்லுபடியாகும் என்று எத்தனை வருஷம் காத்திருந்தாரோ!

இறந்தவரை நினைப்பது நமக்குப் புதுசில்லை. போரில் விழுந்தவனுக்கு நடுகல் நடும் முறையைத் தொல்காப்பியம் ஆறு படியாகச் சொல்கிறது. கல்லைப் பார்த்துத் தேர்வது, எடுத்து வருவது, நீரில் இடுவது, நடுவது, 'பெரும்படை' என்ற படையல் போடுவது, வாழ்த்துவது. அந்தப் 'பெரும்படை' என்ற சொல்லைப் படித்தபோது எனக்கு நம் நகரத்தார் வீட்டுப் படைப்புதான் ஞாபகம் வந்தது. இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன், ஆனால் மனசு ஒன்றுதான். படைப்பு வீட்டில் பேழையைத் திறந்து, முன்னோரில் இன்னாருக்கு என்று வேட்டியும் சேலையும் எடுத்து வைத்து, பங்காளிகள் எல்லாரும் விழுந்து கும்பிடுகிறோமே, அங்கே எந்தப் பிள்ளையும் "இது எதற்கு?" என்று கேட்பதில்லை. யாருக்கு என்று தெரிந்திருக்கிறது.

எங்கள் ஐயா (தாத்தா) பர்மாவில் பெகு ஊர் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, மேலாளுக்கு அடுத்த பொறுப்பான அடுத்தாளாக உயர்ந்தவர். 1942இல் தமு வழியாக நடந்து வந்தார். வழியில் சேர்ந்துகொண்ட ஒருவர், ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், ஐயாவுக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு நாள் தாங்கிப் பிடித்து நடத்திக் கூட்டிவந்தாராம். மணிப்பூரில் பாலேல் என்ற ஊரைச் சேர்வதற்கு முந்தின இரவு அவருக்கே வாந்தியும் பேதியும் கண்டது. விடியும்போது உயிர் இல்லை. ஐயா அவரைத் 'தம்பி' என்றே கூப்பிட்டுப் பழகியிருந்தார். பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் என்பது மட்டும் பேச்சில் தெரிந்ததாம்.

படைப்பில் அந்நியருக்கு இடம் கிடையாது. அதனால் ஐயா தை அமாவாசை அன்று, முன்னோருக்கு எல்லாம் முடிந்த பிறகு, வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் தனியாக ஒரு இலை போட்டு, ஒரு நாலு முழ வேட்டியை மடித்து வைப்பார். யாருக்கு ஐயா என்று நான் சின்ன வயதில் கேட்டபோது "தம்பிக்கு" என்றார். ஐயா 1979இல் போனார். அப்பச்சி (என் அப்பா) வைத்தார், இப்போது நான் வைக்கிறேன். போன வருஷம் பேத்தி அதே கேள்வியைக் கேட்டாள். நானும் தம்பிக்கு என்றுதான் சொன்னேன். "யாரோட தம்பி?" என்று கேட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.